காயில் கட்டிய வகுப்பு

ஜூன் 19

இன்று பள்ளியில் சேர்ந்தேன். பதினொன்றாம் வகுப்பு, எலக்ட்ரிகல் குரூப். நானாகக் கேட்டு வாங்கியது இல்லை. ஹெச்.எம். வசந்தாமணி டீச்சர் என் மார்க் ஷீட்டைக் கண்ணாடிக்கு அருகில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மத்த குரூப்பெல்லாம் நெறஞ்சுபோச்சு. தொழிற்கல்வியிலதான் எடம் இருக்குது. போறயா?" என்றார். "எதா இருந்தாலும் செரிங்க" என்றேன். அம்மா பக்கத்தில் நின்று முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

பத்து முடித்ததும் நூற்பாலைக்குப் போனவள் நான். அங்கேயே விடுதி. போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். அதனால்தான் இப்படித் தேதி போட்டு எழுதிப் பழகினேன். சித்திரையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு சின்னப் பிரச்சினை. அப்புறம், பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடி வீடு வீடாக வந்தவர்கள் என் பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

அண்ணன் எனக்காக வேறொரு மில்லில் பேசிக்கொண்டிருக்கிறான். ஆவணி வரைக்கும்தான் இந்த யூனிபார்ம்.

ஜூன் 20

வகுப்பில் எல்லாரும் என்னைவிடச் சின்னவர்கள். யாரோடும் பேசவில்லை.

ஜூன் 26

எங்களுக்குப் பாடம் எடுக்க ஆள் வந்துவிட்டார். இமாகுலேட் மிஸ். தூத்துக்குடிக்காரர், சின்ன வயசு. பேச்சு பாதி புரிகிறது, பாதி அந்தரத்தில் நிற்கிறது.

பழைய சார் ரிட்டையர் ஆனதிலிருந்து ஒர்க்‌ஷாப் பூட்டிக் கிடந்ததாம். சாவியைக் காணோம். மிஸ் ஒரு சுத்தியலை எடுத்து நாலு தட்டில் பூட்டை விழவைத்தார். உள்ளே உடைந்த பெஞ்சுகள், பழைய விடைத்தாள் மூட்டை, செத்த பல்லி. நாள் முழுக்கக் கூட்டினோம். மில்லில் பஞ்சு கூட்டியதை நினைத்தால் இதெல்லாம் ஒன்றுமில்லை. அங்கே கூட்டிய இடத்தைத் திரும்பிப் பார்ப்பதற்குள் மறுபடி வெள்ளையாகிவிடும். இங்கே கூட்டினால் தரை தெரிகிறது.

பக்கத்து வகுப்பு டீச்சர் ஜன்னல் வழியாகப் பார்த்து, "அந்த செட்டுக்கு இதுதான் லாயக்கு" என்று யாரிடமோ சொன்னார். மிஸ்ஸும் கேட்டிருப்பார். கேட்காதது போல இருந்தார்.

ஜூலை 2

ஒரு சீலிங் ஃபேனைப் பிரித்தோம். கடைசி பெஞ்சில் சதாசிவம் என்று ஒருவன். ராத்திரி விசைத்தறி ஓட்டிவிட்டுக் காலையில் இங்கே வந்து தூங்குவான். யாரோ அவனை உலுக்கப் போனார்கள்.

"எழுப்பாதீய. ஃபேனக் கழத்துத சத்தத்துல அவனே எழும்புவான்" என்றார் மிஸ்.

எழுந்தான். எழுந்து வந்து மிஸ் கையிலிருந்த ஸ்க்ரூவைப் பார்த்துவிட்டு, "இது மரை போனதுங்க மிஸ், வேற போடோணும்" என்றான்.

ஃபேனைத் திரும்ப மாட்டி ஓடவிட்டது நான். ஆசைப்பட்டு அல்ல. ஏணியில் ஏற மற்றவர்கள் பயந்தார்கள், அவ்வளவுதான்.

ஜூலை 9

கையில் ஒயர் கீறிவிட்டது. இன்றும் ஒரு ஃபேன்.

ஜூலை 15

காலைப் பிரேயரின்போது கருகல் நாற்றம். பள்ளியின் தண்ணீர் மோட்டார் புகைந்துவிட்டது. கிணற்றிலிருந்து மேல் தொட்டிக்கு ஏற்றுகிற மோட்டார் அது ஒன்றுதான். குழாய்களில் காற்று வருகிறது. ஹெச்.எம். மேலே எழுதிப் போட்டிருக்கிறாராம். எப்போது வரும் என்று தெரியாது.

ஜூலை 18

பெண்கள் கழிப்பறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். பையன்கள் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள். பெண் பிள்ளைகள் எங்கே போவது. ஏழாம் வகுப்புச் சிறுமிகள் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். சிலர் மறுநாளும் வருவதில்லை.

மில்லிலும் அப்படித்தான். மெஷினை விட்டு நகர வேண்டுமென்றால் சூப்பர்வைசரிடம் போய்க் கேட்க வேண்டும். அதனால் நாங்கள் தண்ணீர் குடிக்காமலிருக்கப் பழகியிருந்தோம். மோனிஷா ஒருநாளும் போய்க் கேட்டதில்லை. உதடு வெடித்துக் கிடக்கும். அவள் அரூர்ப் பக்கத்துப் பெண், என் பக்கத்துக் கட்டில்.

அவளைப் பற்றி ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூலை 19

மிஸ் எங்களை ஹெச்.எம். அறைக்கு அழைத்துப் போனார். நான், சதாசிவம், இன்னும் நாலைந்து பேர்.

"மேடம், மோட்டார எங்ககிட்ட குடுங்க. பிள்ளைகள வச்சுக் காயில் கட்டிருவேன்."

காயில் கட்டுவது என்றால், கருகிப்போன செம்புக் கம்பிச் சுருளை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் கம்பியைச் சுற்றி இறக்குவது. எங்கள் ஊர்ப் பக்கம் தெருவுக்கு ஒரு கடையில் இந்த வேலை நடக்கும். பள்ளியில் நடந்து யாரும் பார்த்ததில்லை.

ஹெச்.எம். கண்ணாடியைக் கழற்றினார். "இது அஞ்சு எச்.பி. மோட்டார். கவர்மென்ட்டுச் சொத்து. பசங்க வெளையாடறதுக்கு இல்லீங்க இமாகுலேட். கெட்டுப்போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

மிஸ் வாயைத் திறப்பதற்குள் நான் பேசிவிட்டேன். "அது ஏற்கெனவே கெட்டுத்தானுங்க கெடக்குது. இதுக்கு மேல கெட அதுல என்னங்க இருக்குது?"

ஹெச்.எம். என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மோட்டார் ரூம் சாவியை எடுத்து மேசையில் வைத்தார்.

வெளியே வந்ததும் மிஸ் சொன்னார்: "வாயி நல்லாத்தான் இருக்கு. கையும் அப்டி இருக்கான்னு பாப்பம்."

ஜூலை 22

மோட்டாரைப் பிரித்தோம். இரும்புக் கூட்டின் உட்புறத்தில் நீளவாக்கில் பள்ளங்கள். ஸ்லாட் என்கிறார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் கம்பிக் கட்டு. எல்லாம் கருகி, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. பழைய செம்பைப் பல்லடத்தில் ஒரு கடையில் கொடுத்து மாற்றாகப் புதுக் கம்பி வாங்கி வந்தார் மிஸ்.

சதாசிவம் தூங்கவில்லை. அவன் பெயரை வருகைப் பதிவிலிருந்து அடிக்கப் போவதாக ஹெச்.எம். சொன்னாராம். மிஸ் சண்டை போட்டு நிறுத்தி வைத்திருக்கிறார். அவனுக்கு இது தெரியாது. நானும் சொல்லவில்லை.

ஜூலை 27

கம்பி சுற்றினோம். மர அச்சில் ஒருவர் சுற்ற, ஒருவர் இழுத்துப் பிடிக்க, ஒருவர் எண்ண வேண்டும். நடுவில் யாராவது பேசினால் எண்ணிக்கை போச்சு. எங்கள் செட்டு இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

அம்மா வீட்டில், "என்ன கண்ணு, வெரலெல்லாம் செவந்து கெடக்குது?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

ஆகஸ்ட் 3

தோற்றுவிட்டோம்.

எல்லாச் சுருளையும் இறக்கி, முனைகளைச் சேர்த்து முடித்திருந்தோம். கரண்ட் கொடுக்குமுன் மெக்கர் என்ற கருவியை வைத்துப் பார்க்க வேண்டும். கம்பி எங்காவது இரும்பில் ஒட்டியிருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். முள் ஏறவேயில்லை. செத்த மாதிரிக் கிடந்தது. கட்டிய காயில் முழுவதையும் வெட்டி எடுக்க வேண்டும்.

மில்லில் நூல் அறுந்தால் மேனேஜர் சூப்பர்வைசரைத் திட்டுவார், சூப்பர்வைசர் மேஸ்திரியை, மேஸ்திரி எங்களை. எங்களுக்குக் கீழே யாரும் கிடையாது. அதனால் ஹெச்.எம். வந்ததும் தலையைக் குனிந்துகொண்டேன்.

"யாரு செஞ்ச தப்பு இது?" என்று ஹெச்.எம். கேட்டார்.

"நாந்தான் மேடம்" என்றார் மிஸ். "ஸ்லாட்டுக்குள்ள வைக்கிற பேப்பர நீளமா வெட்டணும். கட்டையா வெட்டச் சொன்னது நானு. ஓரத்துல கம்பி இரும்புல பட்டுட்டு. பிள்ளைக சொன்னபடிதான் செஞ்சுதுக."

நிமிர்ந்து பார்த்தேன். மிஸ்ஸின் காது சிவந்திருந்தது. ஒரு பெரியவர் தன் தப்பைத் தன் தலையில் தானே வைத்துக்கொண்டதை இன்றுதான் பார்க்கிறேன்.

ஹெச்.எம். போன பிறகு கட்டரை எடுத்து முதல் கம்பியை நான்தான் வெட்டினேன். அழவில்லை.

ஆகஸ்ட் 8

அண்ணன் இன்று வேலையிலிருந்து சீக்கிரம் வந்தான். "ஞாயித்துக்கெழம மில்லு வேன் வருது. பையெல்லாம் எடுத்து வச்சுக்க. இந்தத் தடவ கையக் காலச் சும்மா வச்சுட்டு இருக்கோணும்" என்றான்.

அவன் கெட்டவன் இல்லை. அப்பா போனபின் தறிக்குடோனில் நின்று எங்களைக் காப்பாற்றுகிறவன். மில்லில் நான் சூப்பர்வைசரை அடித்துவிட்டேன் என்பதுதான் அவனுக்குத் தெரியும். ஏன் என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 9

சொல்லிவிட்டேன்.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து ஒன்றை எடுத்தேன். கண்ணீருக்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

"அந்த ஆளு மோனிஷாவ நூல் குடோனுக்குள்ள கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனான்மா. அவ கத்தக்கூட இல்ல. என்னயத் திரும்பிப் பாத்தா. அவ்வளவுதான். நான் கையில இருந்த நூல் பாபின் கூடைய அவன் தலையில போட்டேன். அவ தப்பிச்சு ஓடிட்டா. என்னய அனுப்பிட்டாங்க."

அம்மாவின் கை நின்றது. "அந்தப் புள்ள?"

"அங்கயேதான் இருக்கா."

இத்தனை நாள் எனக்குள் கிடந்தது இதுதான் போலிருக்கிறது. நான் வெளியே வந்துவிட்டேன். அவள் அங்கேயே இருக்கிறாள்.

அம்மா எழுந்து கையைக் கழுவினாள். வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணனிடம் போய், "சென்னியப்பா, அந்த ஏஜென்ட்டுக்குப் போனப் போட்டு அவ வரமாட்டான்னு சொல்லீரு" என்றாள்.

"என்னம்மா திடீர்னு? பேசி முடிச்சாச்சே."

"முடிச்சத அவுத்துரு. காரணத்த உள்ள வந்து கேளு. கேட்டுட்டு அப்பறம் பேசு."

அவன் உள்ளே வந்து கேட்டான். கேட்டு முடித்ததும் என் முகத்தைப் பார்க்காமல், வெளியே போய் வண்டியைத் திரும்பவும் துடைக்க ஆரம்பித்தான். ஏற்கெனவே பளபளவென்றிருந்த வண்டி.

(பின்னால் சேர்த்தது: ஞாயிற்றுக்கிழமை எந்த வேனும் வரவில்லை.)

ஆகஸ்ட் 12

அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு என்னோடு பள்ளிக்கு வந்தாள். ஹெச்.எம்.மிடமும் மிஸ்ஸிடமும் எல்லாவற்றையும் அவளே சொன்னாள். அவள் விட்ட இடங்களை மட்டும் நான் நிரப்பினேன்.

ஹெச்.எம். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து, "அந்தப் புள்ளைக்கு வயசென்ன?" என்று கேட்டார். பதினேழு ஆகவில்லை என்றேன். போனை எடுத்துக் குழந்தைகள் உதவி எண்ணுக்கு அடித்தார். மில்லின் பெயர், இடம், அந்த ஆளின் பெயர், எல்லாவற்றையும் என்னிடம் கேட்டுக் கேட்டுச் சொன்னார். எதிர்முனையில் இருந்தவர் சொல்பவர் யார் என்று கேட்டிருக்க வேண்டும். "நான் அந்தப் புள்ளையோட ஹெட்மிஸ்ட்ரஸ்" என்றார்.

எந்தப் பிள்ளையைச் சொன்னார் என்று தெரியவில்லை. மோனிஷா இந்தப் பள்ளியின் வாசலைக்கூடப் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 19

இரண்டாம் முறை. பல்லடம் கடைக்காரர் சிரித்துவிட்டு மறுபடி கம்பி கொடுத்தாராம்.

இந்த முறை பேப்பர் வெட்டியது நான். ஒவ்வொன்றையும் ஸ்லாட்டில் வைத்துப் பார்த்து, ஓரம் வெளியே நிற்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்த பிறகே அடுத்தது. கம்பிகளை அமுக்கித் திணிக்கக் கூடாது; இரண்டு இரண்டாக நழுவவிட வேண்டும். அவசரப்பட்டால் மேல்பூச்சு உரிந்துவிடும். என் கை நடுங்கவில்லை என்று மிஸ் சொன்னார். மில்லில் ஓடுகிற நூற்புக் கதிரில் அறுந்த நூலைப் பிணைத்த கை இது, நிற்கிற இரும்புக்கு ஏன் நடுங்க வேண்டும்.

வெளியே நிற்கும் சுருள் முனைகளை நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். அதைச் சதாசிவம் எடுத்துக்கொண்டான். தறிக்காரன் முடிச்சு. இழுத்தால் இன்னும் இறுகும்.

"ராத்திரி ஷிப்ட்டுக்குப் போலயாடா?" என்று கேட்டேன். அவனோடு நான் பேசிய முதல் பேச்சு இதுவாகத்தான் இருக்கும்.

"சனி ஞாயிறு பகல்ல மட்டும் வரேன்னு ஓனர்கிட்டச் சொல்லிப்போட்டேன்க்கா" என்றான். "இங்க பாதில உட்டுட்டுப் போனா நீங்க முடிச்சத் தப்பாப் போட்டுருவீங்க."

ஆகஸ்ட் 21

வார்னிஷ் ஊற்றிக் காயவைத்திருக்கிறோம். பகலில் வெயில், மாலையில் குண்டு பல்பு. போகிற வருகிற ஆசிரியர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். கூட்டுவதுதான் எங்களுக்கு லாயக்கு என்ற டீச்சரும் பார்த்தார்.

ஆகஸ்ட் 23

மெக்கரின் முள் ஏறியது. கடைசிக் கோடு வரை ஏறி அங்கேயே நின்றது. மிஸ் கருவியை என் கையில் கொடுத்து, "நீயும் ஒருக்கா பாத்துக்கோ" என்றார். பார்த்தேன். எல்லாரும் வரிசையாகப் பார்த்தார்கள்.

ஆகஸ்ட் 26

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மோட்டாரைத் தள்ளுவண்டியில் வைத்து மோட்டார் ரூமுக்குக் கொண்டுபோனோம். பள்ளி முழுக்க வந்துவிட்டது. வராண்டாவில், படிக்கட்டில், வேப்பமரத்தடியில் எங்கும் தலைகள். ஹெச்.எம். முன்னால் நின்றார். ஸ்டார்ட்டரைப் போட மிஸ் என்னைக் கூப்பிட்டார்.

பச்சைப் பித்தானை அமுக்கினேன். மோட்டார் ஒரு முறை முனகியது. பிறகு சீராக ஓடியது. பின்னாலிருந்து பெரிய சத்தம், கைதட்டல்.

தண்ணீர் வரவில்லை.

மேல் தொட்டிக்கருகே நின்ற பையன், "வரலீங்க மிஸ்" என்று கத்தினான். கைதட்டல் மெல்ல அடங்கியது. ஓட்டுவதற்கு முன்னால் குழாய்க்குள் தண்ணீர் நிரப்பியது சரியாகத்தான் இருந்தது. காயில் சூடாகவில்லை. மிஸ்ஸின் காது மறுபடி சிவக்க ஆரம்பித்தது. யாரோ சிரித்தார்கள்.

நான் கீழே குனிந்தேன். மோட்டாரின் முதுகில் வார்ப்பிலேயே ஓர் அம்புக்குறி இருந்தது. பின்னால் சுற்றுகிற விசிறி அதற்கு நேரெதிராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"மிஸ், இது தலகீழாச் சுத்துதுங்க."

மிஸ்ஸும் குனிந்து பார்த்தார். ஒரு நொடிதான். முகம் மலர்ந்துவிட்டது. "மூணு ஃபேஸ்ல ரெண்ட மாத்திப் போட்டா என்ன ஆகும்? சொல்லுங்க."

"திரும்பிச் சுத்துமுங்க" என்று எங்கள் செட்டு முழுவதும் ஒரே குரலில் சொன்னது.

மெயினை அணைத்தோம். அணைந்துவிட்டதா என்று டெஸ்டர் வைத்துச் சதாசிவம் பார்த்தான். நான் இரண்டு ஒயர்களைக் கழற்றி இடம் மாற்றி முறுக்கினேன். மறுபடி பச்சைப் பித்தான்.

இந்த முறை சத்தமே வேறு. பாரம் தூக்குகிற சத்தம். குழாயைத் தொட்டேன், உள்ளே ஏதோ திமிறிக்கொண்டு ஏறியது. பிறகு மேலே தொட்டிக்குள் தண்ணீர் விழுகிற ஓசை, முதலில் செருமலாக, அப்புறம் கொட்டுகிற மழையாக.

ஏழாம் வகுப்புச் சிறுமிகள் குழாயடிக்கு ஓடினார்கள். ஒருத்தி கையை ஏந்திக் குடித்தாள், நிறுத்தாமல் குடித்தாள். சட்டை எல்லாம் நனைந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். முகத்தில் தண்ணீர் தெறித்திருந்தது, துடைத்துக்கொண்டேன்.

கழிப்பறைப் பூட்டை ஹெச்.எம். தன் கையாலேயே திறந்தார். மிஸ் வராண்டா ஓரத்தில் உட்கார்ந்து, க்ரீஸ் கையோடு ஒரு பையனின் டிபன் பாக்ஸிலிருந்து புளிச்சோறு தின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்து அவர் சாப்பிடவில்லையாம்.

செப்டம்பர் 4

பாதியில் நின்றிருந்த பெண் பிள்ளைகள் பெரும்பாலும் திரும்பிவிட்டார்கள். எங்கள் ஒர்க்‌ஷாப் வாசலில் இடைவேளையில் கூட்டம். நான் விரட்டுகிறேன். போகமாட்டேன் என்கிறார்கள்.

செப்டம்பர் 17

பாடத்தின் நடுவே ஹெச்.எம். அறைக்கு அழைப்பு. போனேன். ஹெச்.எம். தன் போனை நீட்டினார்.

"மகுடேஸ்வரி?" என்றது அந்தக் குரல்.

மில்லில் அதிகாரிகள் இரண்டு முறை போய்ப் பார்த்தார்களாம். பதினெட்டு ஆகாதவர்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்த ஆளைப் போலீஸ் கூட்டிப்போய்விட்டது. மோனிஷா அரூரில் அவள் வீட்டுத் திண்ணைக்கு அருகே நின்று பேசுவதாகச் சொன்னாள். பின்னால் ஆடு கத்தியது.

"அந்த ஆளு பேர நீதான் சொன்னியாமே" என்றாள். "உனக்குப் பயமா இல்லியா?"

இருந்தது என்றேன். "நீ என்ன பண்ணப்போற?"

"தெரியில. நர்ஸிங் குரூப் இருக்குதாம் எங்கூரு ஸ்கூல்ல. கேட்டுப் பாக்கச் சொல்றாங்க. நீ என்ன படிக்கிற?"

"மோட்டாரு."

அவள் சிரித்தாள். மில்லில் இருந்த காலம் முழுக்க அவள் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை.

அக்டோபர் 10

காலாண்டு மார்க் வந்தது. சதாசிவம் எல்லாவற்றிலும் பாஸ். நானும்தான். தியரியில் முதல் மார்க் யாருக்கு என்று எழுதினால் பீற்றிக்கொள்வது போலாகும்.

நவம்பர் 6

மதியம் வாசலில் டி.வி.எஸ். வண்டிச் சத்தம். அண்ணன். பின்னால் கேரியரில் கயிறு போட்டுக் கட்டிய ஒரு தறி மோட்டார். அதைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒர்க்‌ஷாப் வாசல் வரை வந்தவன் நின்று செருப்பைக் கழற்றப் போனான்.

"செருப்போடயே வாண்ணா. கீழ கம்பி கெடக்கும்."

உள்ளே வந்து சுற்றிலும் பார்த்தான். பிரித்துக் கிடக்கிற மோட்டார்கள், சுவரில் வரிசையாகத் தொங்குகிற ஸ்பேனர்கள், குனிந்து வேலை செய்கிற பிள்ளைகள். "எங்க ஓனரோட மோட்டாரு. எரிஞ்சுபோச்சு. இஸ்கூல் மோட்டாரக் கட்டுன புள்ளைககிட்டக் குடுன்னாரு" என்றான். என் தங்கச்சிதான் என்று சொன்னானா என்று நான் கேட்கவில்லை.

மேசையில் வைக்கச் சொன்னேன். மூடியைக் கழற்றி மோந்து பார்த்தேன், தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தேன். அவன் ஓரமாக நின்று, மெக்கானிக் கடையில் நிற்பவர்கள் நிற்கிற மாதிரி, கைகளைக் கட்டிக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"காயில் போயிருச்சு. பேரிங்கும் மாத்தோணும்" என்றேன்.

"செரிங்க. எப்பங்க கெடைக்கும்?"

வாயிலிருந்து வந்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. நான் பிறந்ததிலிருந்து என்னை 'வாடி போடி' என்று கூப்பிட்டவன். சதாசிவம் தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். அண்ணனின் முகம் சிவந்தது, ஆனால் சொன்னதை அவன் மாற்றிச் சொல்லவில்லை.

நான் சிரிக்கவில்லை.

"வெள்ளிக்கெழம வந்து எடுத்துக்குங்க" என்றேன்.